கின்னஸுக்கு வெளியே மனோரமா

மனோரமாவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் கின்னஸ் வந்துவிடும். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அண்ணாவும் கருணாநிதியும் மேடையில், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் என்.டி.ஆரும் திரையில். தகவல் சரிதான். ஆனால் ஒரு நடிகையைப் பற்றிப் பேசும்போது அவர் யார் யாரோடு நின்றார் என்பதும் எத்தனை முறை நின்றார் என்பதும் மட்டும் மிஞ்சினால், எங்கேயோ இடிக்குது இல்லையா?

என் தொழிலில் ஒரு காலத்தில் புரோகிராமரின் திறமையை அவர் எழுதிய கோட் எத்தனை வரி என்று எண்ணி அளந்தார்கள். எது எண்ணச் சுலபமோ அதை எண்ணினார்கள், அவ்வளவுதான். மனோரமாவுக்கும் நாம் அதைத்தான் செய்திருக்கிறோம். எண்ணிக்கையைக் கொண்டாடியதில், அந்த ஆயிரத்துக்குள் என்ன நடந்தது என்று கேட்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட்டோம்.

கோபிசாந்தா என்ற பெயரில் 1937இல் மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். பின்னால் 'ஆச்சி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்த மண்ணால்தான். சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தார். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்தார். நகைச்சுவை வேடம். கதாநாயகி என்றால் மூன்று நான்கு வருடத்தில் அனுப்பிவிடுவார்கள், இதில் நீண்ட காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் அப்போது சொன்னதை, மனோரமா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் சினிமா அவருக்குக் கொடுத்த நிரந்தர முகவரி காமெடி டிராக்.

கண்ணதாசனின் கணக்கு பலித்தது, அதை மறுக்க முடியாது. அரை நூற்றாண்டைத் தாண்டி நின்றார். ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு விலைப்பட்டியலும் இருக்கிறது. ஒரு பெண் கதையின் நடுவில் நிற்கலாம், அல்லது நீண்ட காலம் நிற்கலாம். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. சிவாஜிக்கோ எம்.ஜி.ஆருக்கோ யாரும் அந்தப் பட்டியலை நீட்டியதில்லை.

இந்த இடத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தைத் திரும்பப் பார்க்கலாம். யூடியூப் துண்டுகளாக இல்லாமல், முழுசாக. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். வெளியே அது நாதஸ்வரக் கலைஞனும் பரதக் கலைஞரும் போட்டியிட்டுக் காதலிக்கும் கதை. உள்ளே பார்த்தால் கலைகளின் படிநிலை பற்றிய கதை. யாருடைய வித்தை உயர்ந்தது, யார் யாருக்கு முன்னால் வாசிக்கலாம், ஆடலாம் என்ற மானப்பிரச்சினைதான் படத்தை நகர்த்துகிறது. அந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில் இருப்பவள் நாடகக் கம்பெனி நடிகை ஜில் ஜில் ரமாமணி.

அவளை வெறும் கோமாளியாக எழுதி முடித்திருக்கலாம். அரைத்தமிழ், மினுக்கல், தளுக்கு எல்லாம் இருக்கிறது. நாதஸ்வரம் கேட்டுவிட்டு, எல்லா நாயனத்திலும் இப்படித்தான் சத்தம் வருமா, இல்லை உங்களிடம் இருப்பதில் மட்டும்தானா என்ற பொருளில் அவள் கேட்கும் இடத்தில் அரங்கமே சிரிக்கும். மனோரமா அந்தக் கேள்வியைச் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. கண்ணில் நிஜமான சந்தேகம். சாஸ்திரம் படிக்காத ஒருத்தி, தன்னை உலுக்கிய ஒன்றுக்குத் தன்னிடம் இருக்கும் சொற்களில் காரணம் தேடுகிறாள். படத்தில் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குக் கிடைக்கும் பாராட்டுகளிலேயே மதிப்பு வாய்ந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றும். மற்றவர்கள் தலையாட்டும்போது அவர்களுடைய ரசிகத்தன்மையும் சேர்ந்து ஆடுகிறது. ஜில் ஜில்லுக்குக் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

இது நடந்தது எப்படி? நாடக மேடையிலிருந்து வந்த ஒருவர் நாடகக்காரியாக நடிக்கிறார். அந்த வாழ்க்கையைத் தெரியாத நடிகை என்றால் வெளியிலிருந்து கேலி செய்திருப்பார். மனோரமா தன் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. மேடை நாடகத்தின் உரத்த குரலும் மிகை அசைவும் ஜில் ஜில் தொழில் செய்யும்போது இருக்கின்றன. அவள் தனியாகப் பேசும்போது குறைகின்றன. ஒரே வேடத்துக்குள் இரண்டு அளவு நடிப்பு. சிவாஜியும் பத்மினியும் முழுவேகத்தில் இருக்கும் படத்தில் இந்தப் பாத்திரம் இன்னும் நினைவில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

மேடை கொடுத்த இன்னொன்று காது. அதே 1968இல் 'பொம்மலாட்ட'த்தில் அவரே பாடிய சென்னைத் தமிழ்ப் பாட்டு இருக்கிறது. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா கிஷ்முவை வாயடைக்க வைக்கும் காட்சி, ஏறக்குறைய முழுக்க மூச்சால் ஆனது. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எதிராளிக்கு எத்தனை நொடி கொடுத்துப் பிடுங்குவது என்பது எடிட்டிங் டேபிளில் வராது. 'சின்னக் கவுண்டர்' (1992) தாய்க்கு எடுப்பான பல்லைக் கட்டிக்கொண்டு கொங்குத் தமிழ் பேசினார். பேச்சை மாற்றும்போது உடம்பும் மாறும். வட்டார வழக்கு அவருக்கு உச்சரிப்பு மட்டுமில்லை, நிற்கிற விதமும்தான்.

'நடிகன்' (1990) படத்தை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பார்ப்பேன். வயதான வேடத்தில் ஏமாற்றும் சத்யராஜ் மீது கல்யாணம் ஆகாத பேபியம்மாவுக்குக் காதல். வயசான பொம்பளைக்கு ஆசை வந்தால் அது ஜோக் என்பதுதான் திரைக்கதையின் நிலைப்பாடு. மனோரமாவின் நிலைப்பாடு அதுவல்ல. அந்த வெட்கத்தை அவர் நேர்மையாக நடிக்கிறார். நாம் சிரிக்கிறோம், சிரித்து முடித்ததும் லேசாகக் குற்ற உணர்வு வருகிறது. எழுதப்பட்ட வசனத்துக்கு எதிராக ஒரு நடிகை நடத்தும் அமைதியான வாதம் இது. 'இந்தியன்' (1996) படத்தில் இறந்த கணவனுக்கான நிவாரணப் பணத்துக்காக லஞ்சத்தின் நடுவே அலைபவராக வந்தபோது, வாதத்துக்குத் தேவையே இருக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் படத்தின் கோபத்துக்கு முகம் கொடுக்கிறது.

அவரைப் 'பொம்பளை சிவாஜி' என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிவாஜிக்குப் படம் முழுக்க நேரம் இருந்தது. ஒரு பாத்திரத்தை வளர்க்க, உடைக்க, மறுபடி எழுப்ப மூன்று மணி நேரம். மனோரமாவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சில காட்சிகள். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஊர், பேச்சு, ஏக்கம் எல்லாம் வந்தாக வேண்டும். இது வேறு கலை, சிறுகதைக்கு நெருக்கமான கலை. நாவலாசிரியரின் பெயரைச் சூட்டிச் சிறுகதைக்காரரைக் கௌரவிக்க முடியாது.

'புதிய பாதை' (1989) அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. விருதின் பெயர் சிறந்த துணை நடிகை. 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் மறைந்தார். அஞ்சலிகளில் மறுபடியும் அதே ஆயிரம்.

நாடக மேடை பதிவு செய்து வைக்கும் கலை இல்லை. பள்ளத்தூர்ச் சிறுமி எப்படி மனோரமா ஆனார் என்பதை நாம் பார்க்க வழியில்லை. கையில் இருப்பது இந்தத் துண்டு வேடங்கள்தான். ஒரு படத்தின் மையத்தில் இவரை வைத்து, மூன்று மணி நேரத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அவர் காலத்துத் தமிழ் சினிமா அநேகமாகக் கேட்கவே இல்லை. இன்று நாற்பது தாண்டிய எந்த நடிகைக்கும் நாம் அந்த மூன்று மணி நேரத்தைச் சுலபமாகக் கொடுத்துவிடுவதில்லை. அது மாறாதவரைக்கும் கின்னஸ் எண்ணைச் சொல்லிப் பெருமைப்பட நமக்குப் பெரிய உரிமை ஒன்றும் இல்லை.