சுதந்திராக் கட்சியும் கல்வராயன் மலையும்

சுதந்திராக் கட்சியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை அலமாரியின் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட நூல்தான் இன்றும் முதலில் கையில் எடுக்க வேண்டியது. மன்னர் குடும்பங்கள், நிலவுடைமையாளர்கள், தொழிலதிபர்கள், பழைய காந்தியவாதிகள் எல்லாரும் எப்படி ஒரே கொடியின் கீழ் வந்தார்கள் என்று அது நிதானமாக விசாரிக்கிறது. ராஜ்மோகன் காந்தியின் ராஜாஜி வாழ்க்கை வரலாற்றில் கட்சி ஒரு முதியவரின் கடைசிப் போராட்டமாக வருகிறது. 2023இல் வந்த ஆதித்ய பாலசுப்ரமணியனின் நூல், தெற்கிலும் மேற்கிலும் உழவையும் வணிகத்தையும் பிடித்து மேலே வந்த சமூகங்களின் பொருளாதாரக் கனவாக அதைப் படிக்கிறது. எனக்கு மிகவும் உடன்பாடான வாசிப்பு இதுதான்.

ஆனாலும் இந்த நூல்களின் பார்வை பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும்தான் விரிகிறது. வழிவழியாக வரி வாங்கும் உரிமை கொண்ட ஜாகிர்தார்கள் 1976 வரை ஆண்ட கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியிலும் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அரசின் கையிலிருந்து குடியானவனைக் காக்கத் தெரிந்த அந்தச் சிந்தனைக்கு, அரசல்லாத அதிகாரத்தின் கையிலிருந்து அவனைக் காக்கும் வழி தெரியவில்லை என்பது என் கருத்து.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நிலத்தை ஒன்றுசேர்த்து உழச் சொன்ன அந்தத் தீர்மானம் கிராமங்களில் கிளப்பிய அச்சம் நிஜமானது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. அதைத் தோற்றுவித்த ராஜாஜிக்கு அப்போது வயது எண்பது. என்.ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர். 1962இல் மக்களவையில் 18 இடங்கள், 1967இல் 44; அந்த அவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சி அதுதான். அதே தேர்தலில் சென்னை மாநிலத்தில் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து சட்டமன்றத்தில் 20 இடங்கள் பெற்றது. 1971இல் 8 இடங்களுக்குச் சரிந்து, 1974இல் வேறொரு கட்சிக்குள் கரைந்தது.

பணத்தைப் பற்றிய சுதந்திராக் கட்சியினரின் விமர்சனம் இன்றும் படிக்கத் தக்கது; அதன் வேர் கட்சிக்கு முந்தியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பற்றாக்குறை நிதியை நம்பலாமென்று 1955இல் பொருளாதார அறிஞர் குழு பச்சைக்கொடி காட்டியபோது பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். நோட்டை அச்சடித்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், கட்டுப்பாடுகள் பெருகும், கட்டுப்பாடுகள் மக்களாட்சியையே அரிக்கும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு டில்லி வந்த மில்டன் ஃப்ரீட்மனும் ஏறக்குறைய இதையே சொல்லிப் போனார். 1966 ஜூன் 6ஆம் தேதி, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மதிப்பு ஒரே நாளில் 7.50 ஆனது. ஷெனாயைக் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை.

ஆனால் சிற்றூர் வீடுகளுக்கு அந்தக் கொள்கைச் சண்டை வந்து சேர்ந்தது தங்கத்தின் வழியாக. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதைத் தடுத்தன. பத்தர்களின் பட்டறைகளில் உலை அணைந்தது. நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. வங்கிக் கிளையே இல்லாத ஊரில் ஒரு பெண்ணின் கழுத்திலும் காதிலும் கிடப்பதுதான் அவளுடைய சேமிப்பு, அவசரத்துக்கு அடகு, மகளுக்குச் சீர். அதில் எத்தனை காரட் இருக்க வேண்டுமென்று டில்லி தீர்மானித்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் முழுதாக நீங்கியது. அரசு எதில் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழ் வீடுகளுக்குக் கிடைத்ததில்லை.

கரும்பும் அப்படித்தான். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வழி செய்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் கள்ளக்குறிச்சிக் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இந்த ஏற்பாட்டில் ஓடுபவை. உழவர் கரும்பைப் பதிகிறார், வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார். உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு பூவெடுக்கும். எடையும் சாறும் குறையும். வெட்டிப் போட்ட கரும்போ ஒவ்வொரு நாளும் காயும். பக்கத்துப் பகுதி ஆலை நல்ல விலை தந்தாலும் பதிந்த கரும்பை அங்கே கொண்டுபோக முடியாது. ராஜாஜி பயந்த கூட்டுறவுப் பண்ணை இங்கே வரவில்லை. வந்தது கூட்டுறவு ஆலை. அதில் பங்குதாரர் உழவர்; மேலாண்மை இயக்குநர் நாற்காலியில் அரசு அதிகாரி. பர்மிட்-லைசென்ஸ் ராஜ் என்று ராஜாஜி வைத்த பெயரைப் புரிந்துகொள்ள ஒரு கரும்புப் பட்டத்தை இங்கே கழித்தால் போதும்.

வெளியுறவு விஷயத்தில்தான் வலதுசாரி முகாமின் விரிசல்கள் வெளியே தெரிந்தன. அமெரிக்காவில் இதே பத்தாண்டில் சுதந்திரவாதிகளையும் பழமைவாதிகளையும் வியட்நாம் போரும் கட்டாய ராணுவச் சேவையும் பிரித்தன. தான் ஏன் பழமைவாதியல்ல என்று ஹயெக் 1960இலேயே தனிக் கட்டுரை எழுதிவிட்டார். இங்கே பிரித்தவை வேறு. மசானிக்கு அணிசேராமையில் நம்பிக்கை இல்லை. சீனாவுக்கு எதிராக மேற்கு நாடுகளோடு நெருங்க வேண்டுமென்றார். ராஜாஜியோ 1962இல் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய், அணுச் சோதனைகளை நிறுத்தும்படி கென்னடியிடம் மன்றாடினார். 1964இல் சீனா அணுகுண்டு வெடித்ததும் ஜனசங்கம் நமக்கும் குண்டு வேண்டுமென்றது. ராஜாஜி வேண்டாமென்றார். அதற்குச் சில மாதம் முன்பு, சிறையிலிருந்து வெளிவந்த ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து ராஜாஜியைச் சந்தித்தபோது, காஷ்மீருக்குச் சமரசத் தீர்வு தேடிய ராஜாஜிக்கும் மசானிக்கும் சொந்தக் கட்சியிலேயே முழு ஆதரவு இல்லை. பொருளாதாரத்தில் அரசு சுருங்க வேண்டுமென்று ஒன்றாகக் கைதூக்கியவர்கள், எல்லை, ராணுவம், இந்தி என்றதும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சந்தையில் அரசைச் சந்தேகிப்பவர் போரிலும் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற நேர்மை ராஜாஜியிடம் இருந்தது. அந்த முகாமில் அவர் அளவுக்கு அதைப் பிடித்து நின்றவர்கள் குறைவு.

இனி மலைக்கு வருகிறேன். டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் தொகுத்த தென் ஆற்காடு கெசட்டியரில் கல்வராயன் மலை ஜாகிர்களின் விவரம் உண்டு. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்பவை தென் ஆற்காட்டுப் பக்கத்து ஜாகிர்கள். சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மலையாளிப் பழங்குடியினர் உழுதார்கள். வரி ஜாகிர்தாருக்குப் போனது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தும் மலையில் ஜாகிர் நீடித்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது.

சுதந்திராக் கட்சி உயிரோடிருந்த பதினைந்து ஆண்டுகளும் கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி. திட்டக் கமிஷனின் நிழல் அங்கே படவில்லை. லைசென்ஸ் கேட்க அதிகாரியும் இல்லை. ஆனால் தான் உழுத நிலத்தைத் தனது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் உழுதவனிடம் இல்லை. அரசு இல்லாத இடத்தில் சுதந்திரம் தானாக முளைத்துவிடவில்லை. சொத்துரிமைதான் மனிதனின் கவசம் என்ற கொள்கைக்கு இந்த மலையைவிடப் பொருத்தமான களம் வேறென்ன? உழுபவனின் சொத்துரிமைக்காக அங்கே முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டியவர்கள் சுதந்திராக் கட்சியினர். ஆனால் ஒரிசாவில் மன்னர்கள் நடத்திய கணதந்திரப் பரிஷத்தைச் சேர்த்துக்கொண்டு, ஜெய்ப்பூர் காயத்ரி தேவியை மேடையேற்றிய கட்சிக்கு, ஜாகிர்தாரை எதிர்த்து உழுபவன் பக்கம் நிற்கும் மொழி கைவரவில்லை. எர்ட்மன் இந்த முரணை வட இந்திய அரண்மனைகளில் காட்டுகிறார். நம் பக்கத்தில் அதை யாராவது எழுத வேண்டும்.

மதுவிலக்கு இன்னொரு முடிச்சு. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. மலையின் மேற்குச் சரிவில் தடை. தென் ஆற்காட்டைச் சேர்ந்த கிழக்குச் சரிவில் இல்லை. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி போட்டார். அரசு சுருங்க வேண்டுமென்று பின்னாளில் சொன்னவர், குடிமகனின் பழக்கத்தைத் திருத்த அரசை விரித்ததும் அதற்காகப் புது வரி கண்டதும் அவர் வாழ்வின் பகுதிகள். மதுவிலக்கை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஏழை வீட்டுக் கூலிப் பணம் அடுப்புக்குப் போக வேண்டுமென்ற அவர் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் தடை மலையில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்ட ஊறல், லாரி டியூபில் இறங்கும் சாராயம், அதைத் தேடி ஏறும் போலீஸ்: நிலமும் வேலையும் இல்லாதவர்களுக்கு அது ஒரு தொழிலானது. கடையைத் திறந்த பிறகும் அது ஓயவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் தனியுரிமை. அந்த விலைக்கு வசதியில்லாத கூலிக்காரர் மலிவுச் சாராயத்தை நாடினார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மலைச் சாராயமல்ல, மெத்தனால் கலந்த சரக்கு. ஆனாலும் தேடுதல் மலைக்கு ஏறியது, ஊறல் பானைகள் உடைந்தன. அதையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி, ரேஷன் என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் அரசு செய்ய வேண்டியவை.

ஆகவே இந்தத் துறையில் அடுத்த நூலை எழுதுபவரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மசானியின் கடிதங்களையும் ‘ஸ்வராஜ்யா’ இதழ்களையும் படித்து முடித்த கையோடு, 1976க்குப் பிந்தைய கல்வராயன் மலை நிலத்தீர்வு ஆவணங்களையும், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மதுவிலக்கு வழக்குப் பதிவுகளையும், இரண்டு சர்க்கரை ஆலைகளின் வெட்டு உத்தரவு ஏடுகளையும் அவர் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.