அண்ணாந்து பார்த்தால் போதுமா?

தஞ்சைக்குச் செல்வோர் இருவகை. திரையரங்கும் கடைத்தெருவும் கண்டு களித்துத் திரும்புவோர் ஒரு சாரார். அவை எவ்வூரிலும் உண்டு, தஞ்சைக்கே உரியது பெரிய கோயில் என்று அங்கு விரைவோர் மற்றொரு சாரார். என் வாக்கு இரண்டாமவர்க்கே! ஆனால், அவர்கள் அங்கு எதைக் காண்கிறார்கள்?

விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். "இதன் நிழல் தரையில் விழாது" என்று வழிகாட்டி அளக்கிறார், வாய்பிளந்து கேட்கிறார்கள். காலையிலோ மாலையிலோ அங்கு நின்றால், நீண்டு கிடக்கும் நிழலைக் கண்ணே காட்டிவிடும். கண்ணை நம்பாது கதையை நம்புவதா பழமைப் பற்று?

தோழரே, பார்வையைச் சற்றே தாழ்த்துங்கள்! முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்த அக்கோயிலில் கற்களே பேசுகின்றன. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயர் அங்கே உண்டு. ஆடல் மகளிர் 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தி, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் வழங்கிய கணக்கு உண்டு. பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் உண்டு!

கலையின் உயரம் கண்டு பூரிப்பவர், அதே கல்லில் பொறித்த சாதியின் பள்ளத்தைக் காண மறுப்பதேன்? பிற்காலத்தில் பொட்டுக்கட்டு என்னும் இழிவாக இறுகிய வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுக்க 1947 ஆயிற்று. தீண்டாச்சேரி என்ற சொல் மறைந்தது. ஊர் வேறு, சேரி வேறு என்ற கோடு இன்னும் அழியவில்லை.

பழமையைக் காணச் செல்வோம். கன்னத்தில் போட்டுக்கொள்ள அன்று. கல்வெட்டைப் படித்து, உளி பிடித்த கரத்தைப் போற்றவும், சேரியைப் பிரித்த கோட்டை அழிக்கவும் உறுதிகொண்டு திரும்ப!