கிழட்டு இயந்திரம்

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவன் கையில் புத்தகம் கொண்டு போவது அசட்டுத்தனம். நான் காரெல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தைக் கொண்டு போனேன். பாதி நனைந்துவிட்டது, ஆனாலும் விடாமல் படித்து முடித்தேன்.

1920-ல் வெளிவந்த இந்த நாடகந்தான் 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தது. அது எல்லோரும் அறிந்த சங்கதி. அந்த ரோபோக்களுக்கு இருபது வருஷமே ஆயுள் என்பதை மட்டும் அநேகர் மறந்துவிட்டார்கள். அவற்றைச் செய்யும் முறை எழுதிய காகிதங்கள் தீக்கிரையாகின்றன. மனிதர்களைக் கொன்று தீர்த்த ரோபோக்கள், மிஞ்சியிருக்கும் ஒரே மனிதரான கட்டடக்காரர் முன் நின்று, உயிரின் ரகசியத்தைச் சொல்லும்படி மன்றாடுகின்றன. சாபெக் 48 வயதில் காலமானவர். கிழத்தனத்தை அவர் பார்க்கவேயில்லை. அதன் பயத்தை எப்படியோ அறிந்திருந்தார்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தில், கோர்ட்டு உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பக்கத்து ஸீட்டு அம்மாள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருந்தாலும் அது தண்டனையே ஒழிய மூப்பு அல்ல. அஸிமாவ் 1976-ல் எழுதிய 'இருநூறாண்டு மனிதன்' கதையில் ஆண்ட்ரூ என்ற ரோபோ, தன்னை மனிதனென்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதற்காகவே, மூளை கொஞ்சங் கொஞ்சமாக அணையும்படி சிகிச்சை செய்துகொள்கிறது. உயர்ந்த கற்பனை, ரொம்ப உயர்ந்து போனதுதான் குறை. மூப்பு யாரும் மனுப் போட்டு வாங்குவதல்ல.

தென்காசியில் என் தகப்பனார் இருக்கிறார். என் நாவல்களையெல்லாம் முதலில் படித்தவர். போன வாரம் என் முகத்தைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். அப்புறம் தாமே சுதாரித்துக்கொண்டு, காப்பி சாப்பிட்டாயா என்று கேட்டார். இந்த இடத்தை எழுத எந்த ரோபோக் கதாசிரியருக்குத் துணிவு வந்தது? நானும் யோக்கியன் அல்ல. என் நாவல்களில் வந்த கிழவர்களை மாரடைப்பில் ஒரே பாராவில் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். (எண்ணிப் பார்த்தேன்: நாலு பேர்.)

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுகிறவர்களை இப்போதே வணங்குவதாகக் கல்லில் பாட்டாக வெட்டி வைத்திருக்கிறான். நெடுநாள் சிதைந்து நின்ற ராஜகோபுரம் புதுப்பிக்கப்பட்டு 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கட்டும்போதே பழுதை நினைத்த அந்த மனம் நம் கதைக்காரர்களுக்கு வேண்டும். முழங்கால் கீல் தேய்ந்து, எஜமானர் பெயர் மறந்து, மாற்று உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காமல் அடுக்களை வாசலில் நிற்கிற ஓர் இயந்திரத்தைப் பற்றி யாராவது எழுதட்டும்.

நானே எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இடி விழுந்து அது செத்துப்போயிற்று.