தைலத்தின் அளவு
நீலகிரித் தைலத்தின் அருமை அளவறிந்து சேர்ப்பதில் இருக்கிறது. யூகலிப்டஸ் இலையை நீராவியில் வடித்தெடுக்கும் இத்தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்னும் வேதிப்பொருள். தோலில் பட்டதும் குளிர்கிறது; மூக்கடைப்பு விட்டதுபோல் இருக்கிறது. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால், உடம்பைப் பிடித்துவிடும்போது கை வழுக்கிச் செல்ல நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வேண்டும். 100 மில்லி எண்ணெய்க்கு 2 மில்லி தைலம் பெரியவர்களுக்குப் போதும்.

வலியைக் குறைப்பது பிடித்துவிடும் கைதானே, வாசனைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். முதல் பங்கு கைக்குத்தான். எனினும் குளிர்ச்சி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. மணத்தை இழுக்கையில் மூச்சு ஆழமாகிறது. உடம்பு இளகிக்கொடுக்க இரண்டும் துணை. இயற்கைப் பொருள்தானே, கூடுதலாகத் தடவினால் என்ன என்பது தவறு. கலக்காமல் பூசினால் தோல் எரியும். கைக்குழந்தையின் முகத்தருகே போனால் மூச்சுத் திணறலாம். அளந்து கலந்து தேயுங்கள்.