தோமையார் நடபடிகளும் தமிழகத்து வழக்கும்

ஒரு சமயத்தார் முதனூலாகக் கொண்டு போற்றும் நூற்றொகுதிக்குப் புறத்தே, அத்தொகுதியிற் பேசப்படும் பெரியோர்தம் பெயரால் வேறு நூல்கள் பலவும் தோன்றி வழங்குதல் உலகியற்கை. கிறித்தவத் திருச்சபையார் தம் விவிலியத்துட் சேர்க்காது விலக்கிய அத்தகு நூல்களைக் கிரேக்க மொழியில் ‘மறைந்தவை’ எனப் பொருள்படும் அப்போகிரிபா என்னும் பெயரால் வழங்குவர். தள்ளுபடியாகமம் என்னும் வழக்கும் தமிழில் உண்டு. கம்பராமாயணத்து வெள்ளி பாடல்களைப் பற்றிக் கேட்டறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இந்நிலை புதுவதன்று. விலக்கப்பட்டமை கொண்டே ஒரு நூல் பயனற்றதென ஒதுக்குதலும் ஆகாது. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய தேம்பாவணியிற் காணும் சூசையப்பர் வரலாற்றிற் பெரும்பகுதி விவிலியத்தில் இல்லாதது. ஆயினும் தமிழ்க் காப்பிய வரிசையில் அந்நூலுக்குரிய இடத்தை எவரும் மறுத்திலர்.

இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் பெயரால் வழங்கும் நூல்கள் பல. குழந்தை இயேசு களிமண்ணாற் சிட்டுக்குருவிகள் செய்து பறக்கவிட்ட கதையைக் கூறும் பாலப்பருவச் சுவிசேடம் ஒன்று. எகிப்து நாட்டு நாக் அம்மாதி என்னுமிடத்தில் 1945 இல் மண்ணினின்றும் வெளிப்பட்ட, 114 திருவாக்குக்கள் அடங்கிய தோமா சுவிசேடம் மற்றொன்று. இவ்விரண்டும் ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியனவல்ல. இந்திய நாட்டைக் களமாகக் கொண்ட ‘தோமையார் நடபடிகள்’ என்னும் நூலே தமிழர்க்கு நெருங்கிய தொடர்புடையது. தோமையார் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்றும், திருவள்ளுவர் அவர்தம் உபதேசம் பெற்றார் என்றும், சைவசித்தாந்தமே அவ்வழி வந்ததென்றும் கூறுவார் கூற்றுக்களையெல்லாம் அளந்தறிதற்கு மிகப் பழைய அளவுகோலாக இன்று கிடைப்பது இந்நூலொன்றே என்க.

இது கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடெசா நகரைச் சார்ந்த பகுதியிற் சீரிய மொழியில் எழுந்ததென்பது அறிஞர் பெரும்பாலார் துணிபு. சீரியப் பிரதியும் கிரேக்கப் பிரதியும் இன்றுள்ளன. வில்லியம் றைற் என்பார் 1871 இற் சீரியப் பிரதியை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். சீரியமே மூலமொழியாயினும், இன்றுள்ள சீரியப் பிரதி பிற்காலத்தாராற் பல இடங்களில் திருத்தப்பட்டமையின், சிற்சில இடங்களிற் கிரேக்கப் பிரதியே பழைய பாடத்தைக் காத்து நிற்கின்றது. மூலமொழிப் பிரதியே எவ்விடத்தும் மூலத்துக்கு அணித்தென எண்ணுதல் பிழையென்பதை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெரியும் வழக்கைச் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் போன்றார் வாயிலாக அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கதை எருசலேமில் தொடங்குகின்றது. அப்போஸ்தலர் உலகைப் பங்கிட்டுச் சீட்டுப்போட, இந்தியா தோமையார் பங்காக வீழ்கின்றது. அவரோ, தாம் எபிரேயர் என்றும், இந்தியர்க்கு எங்ஙனம் போதிப்பதென்றும் கூறிச் செல்ல மறுக்கின்றார். அவ்வேளை குந்தபார் என்னும் அரசனின் பொருட்டுத் தச்சனொருவனைத் தேடிவந்த ஆபான் என்னும் வணிகனிடம் இயேசுவே தோன்றித் தம் சீடனை அடிமையாக விற்றுவிடுகின்றார். ‘உனக்கு என்ன தொழில் தெரியும்?’ என வணிகன் வினவ, மரத்தில் ஏரும் நுகமும் துடுப்பும் பாய்மரமும், கல்லில் தூணும் கோயிலும் அரண்மனையுஞ் செய்யவல்லேன் என அடிமை விடையிறுக்கின்றான். அரசன் மாளிகை கட்டுமாறு பொன் கொடுக்க, தோமையார் அதனை முழுவதும் ஏழைகட்கு ஈந்துவிடுகின்றார். கட்டடம் எங்கே எனக் கேட்ட அரசனிடம், இம்மையில் அதனைக் காண்டல் இயலாதென்கின்றார். சினந்த அரசன் அவரைச் சிறையிட, அன்றிரவே இறந்த அரசன் தம்பி விண்ணுலகில் அம்மாளிகையைக் கண்டு மீண்டுவந்து, அதனைத் தனக்கு விலைக்குத் தருமாறு தமையனை இரக்கின்றான். ஈகையின் பயனைக் கூறும் கதைகளுள் இதுபோல நகைச்சுவையுங் கூர்மையும் ஒருங்கே வாய்ந்தவை சிலவே.

பின்வரும் பகுதிகள் அத்துணைச் சிறந்தனவல்ல. பேசும் கழுதைக்குட்டி, நஞ்சை மீள உறிஞ்சி வெடித்திறக்கும் பாம்பு முதலிய அற்புதங்கள் நிரம்பியுள்ளன. இறுதியில் தோமையார் மஸ்தாய் என்னும் வேறோர் அரசன் நாட்டிற்குச் சென்று, அரசன் சுற்றத்தானாகிய கரீசின் மனைவி மிக்தோனியாளையும் பின்னர் அரசியையும் இல்லற வாழ்வினின்றும் விலக, அரசன் ஆணையால் மலையொன்றின்மீது நான்கு போர்வீரர் ஈட்டியாற் குத்த உயிர்விடுகின்றார்.

இக்கதைமாந்தர் பெயர்களை நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். மஸ்தாய் என்பது பாரசீகர் வழிபடு கடவுளின் பெயரொடு தொடர்புடைய பாரசீகச் சொல். மிக்தோனியா என்பதோ எடெசாவுக்குக் கிழக்கே நிசிபிசு நகரைச் சூழ்ந்த நாட்டின் பெயர். ஆசிரியர் தம் ஊர்ப்புறத்துப் பெயரையே இந்தியப் பெண்ணுக்கு இட்டுவிட்டார். தமிழ்ப் பெயரோ, தமிழ்நாட்டு ஆறோ மலையோ கடற்றுறையோ இந்நூலில் ஓரிடத்துமில்லை. தோமையார் இறங்கிய துறையைக் கிரேக்கப் பிரதி அந்திராப்பொலிசு என்கின்றது. அதனை ஆந்திரமெனக் கொண்டாரும் உளர். சீரியப் பிரதி அவ்விடத்துச் சந்தரூக்கு என வேறு பெயர் கூறுதலின், அவ்வூகத்துக்கு வலியில்லை.

எனின், நூல் முழுவதும் புனைந்துரையோ? அங்ஙனமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பலர் கருதினர். குந்தபார் என ஓரரசன் இருந்தமைக்கு இக்கதையும் இதன்வழி வந்தனவும் தவிர வேறு சான்றில்லை. ஆயின் 1830 களிற் சாள்ஸ் மேசன் முதலாயினார் காபூற் பள்ளத்தாக்கில் திரட்டிய நாணயக் குவியலில் அவ்வரசன் பெயர் வெளிப்பட்டது. பெசாவருக்கு அணித்தான தக்த்-இ-பாகிக் கல்வெட்டு, ஓர் ஆண்டுமானத்தின் 103 ஆம் ஆண்டையும் அவ்வரசனது ஆட்சியின் 26 ஆம் ஆண்டையும் ஒருங்கே குறிக்கின்றது. அதனை விக்கிரம ஆண்டாகக் கொள்ளின் கி. பி. 46 அளவில் அவன் ஆண்டுகொண்டிருந்தான் என்பது பெறப்படும். அப்பெயர் தாங்கிய அரசர் ஒருவரல்லர் எனப் பிற்கால நாணய ஆராய்ச்சியாளர் சிலர் கருதுதலின், இக்கணக்கும் ஐயத்துக்கு இடமாயிற்று. எங்ஙனமாயினும், மண்ணுட் புதையுண்ட அரசனொருவன் பெயரைக் கதைநூலொன்று பதினாறு நூற்றாண்டு காத்துவைத்திருந்தமை வியத்தற்குரியதே. ஆயின் அச்சான்று நிறுவுவது யாது? எடெசாவினர் வடமேற்கு இந்தியச் செய்தியை அறிந்திருந்தனர் என்னுமளவே. எடெசாப் பேரறிஞர் பர்தைசான், உரோமப் பேரரசன்பாற் சென்ற இந்தியத் தூதரைக் கண்டுரையாடியவர். அரசன் பெயர் அந்நகரை எட்டுதற்கு அத்தகைய வழிகள் பலவுண்டு. அரசன் மெய்யானாற் கதையும் மெய்யாதல் வேண்டுமெனின், மதுரையில் பாண்டியர் ஆண்டமை கொண்டு நரி பரியானதையும் வரலாறென நிறுவிவிடலாம்.

தென்னாட்டு வழக்கு இதனின் வேறாயது. கி. பி. 52 இற் கொடுங்கல்லூரையடுத்துத் தோமையார் கரையிறங்கினார் என்றும், சேரநாட்டில் ஏழு தேவாலயங்களை நிறுவிப் பின் மயிலாப்பூர் சென்றார் என்றும் மலையாளக் கிறித்தவர் வழிவழியாகக் கூறிவருவர். அவ்வாறு வருதல் இயலாததன்று. முசிறித்துறைக்கு யவனர் மரக்கலங்கள் பருவக்காற்றின் துணையொடு ஆண்டுதோறும் வந்து மிளகு ஏற்றிச் சென்றன. அவ்வளவு தொலைவு செல்லல் வேண்டா. சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையிற் போல் பீரிசு அவர்கள் 1917 ஆம் ஆண்டையொட்டி நிகழ்த்திய ஆராய்ச்சியில் உரோம நாணயங்கள் வெளிப்பட்டமை ஊரறிந்த செய்தி. உரோமர் காசு வந்த வழியில் உரோமப் பேரரசின் குடியொருவர் வருதல் கூடும். ஆயின் ‘கூடும்’ என்பது ‘நிகழ்ந்தது’ என்பதற்கு ஈடாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே இப்பொருள்பற்றிய நூல்கள் பலவற்றின் குறை.

மயிலைச் செய்தியைத் தெளிவுறக் கூறிய பழைய பயணிகளுள் மார்க்கோ போலோ தலையாயவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கேட்டெழுதிய வரலாறு நடபடிகளின் கதைக்கு முற்றும் மாறானது. அரசன் ஆணையுமில்லை, ஈட்டியுமில்லை. காட்டில் மயில்கள் சூழத் தொழுதுகொண்டிருந்த தோமையார்மீது, மயிலைக் குறிவைத்த வேடன் அம்பு தவறிப் பாய்ந்தது என்பதே அவர் கேட்ட கதை. மயிலை என்னும் ஊர்ப்பெயரே இக்கதையை ஈன்றதென்று கொள்ளல் பொருந்தும். தமிழ்நாட்டுத் தலபுராணங்களிற் பல இவ்வாறே ஊர்ப்பெயரினின்றும் முளைத்தன. பார்வதியார் மயிலுருவில் பூசித்த தலம் என்னும் கபாலீச்சர வரலாறும் அதே மயிலைப் பற்றியே எழுந்தது.

1547 இல் போர்த்துக்கேயர் பரங்கிமலையிற் கண்டெடுத்த கற்சிலுவையின் எழுத்துப் பாரசீகத்துப் பகலவி எழுத்து. அது தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. அநுராதபுரத்தில் 1912 இற் கிடைத்த சிலுவையும், இலங்கையிற் பாரசீகக் கிறித்தவர் இருந்தனரென ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் எழுதிய குறிப்பும் அதனொடு சேர்த்தெண்ணத்தக்கன. பாரசீக வணிகக் கிறித்தவர் இக்கடற்கரைகளிற் குடியேறி வாழ்ந்தமை ஐயமற்றது. தம் தாய்த்திருச்சபையின் தலைவராகிய தோமையாரின் கதையை உடன்கொணர்ந்தவர் அவரேயாதல் கூடும். அவர் வருமுன்னரே அக்கதை இந்நாட்டில் வழங்கியதென்றற்கும் இடமுண்டு. கைக்கெட்டிய சான்று இவ்விரண்டுள் ஒன்றைத் துணிதற்குப் போதாது.

இனித் திருவள்ளுவரைப் பற்றிய கூற்றை நோக்குவாம். மயிலைக் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரொடு அளவளாவியிருக்கக் கூடுமென்னுங் கற்பனையை 1886 இல் வெளியிட்ட தம் திருக்குறள் மொழிபெயர்ப்பில் போப் ஐயர் எழுதினார். 1969 இல் மு. தெய்வநாயகம் அவர்கள் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்னும் நூலை வெளியிட்டார். பின்னர்ச் சைவசித்தாந்தத்தையும் அதனுள் அடக்கினார். அருணை வடிவேலு முதலியார் அதற்கு விரிவான மறுப்பெழுதினார். அவ்வாதத்தில் இருதிறத்தாரும் போதிய அளவு எடுத்தாளாத சான்று இந்நடபடி நூலே. இந்நூலின் தோமையார் போதிக்கும் தலையாய அறம் இல்லறத் துறவு. மணவறை புகுந்த புதுமணமக்களையே அன்றிரவு பிரித்துவைக்கின்றார். மனைவாழ்க்கை அழுக்கு என்பதும் மக்கட்பேறு துன்பத்துக்கு வித்து என்பதும் அவர் அறிவுரை. வள்ளுவரோ இல்லறவியலை அறத்துப்பாலின் முன்வைத்து, மக்கட்பேற்றைப் பேறுகளுள் தலையாயதெனப் பாராட்டி, காமத்துப்பாலால் நூலை நிறைவுசெய்தவர். இந்நூலின் தோமையாரிடம் வள்ளுவர் பாடங்கேட்டாராயின், அப்பாடத்தை முற்றும் மறந்த மாணாக்கர் என்றே கூறல் வேண்டும். ‘நூலிற் கண்டவர் மெய்யான தோமையார் அல்லர்’ என விடைகூறின், மெய்யான தோமையார் இந்தியாவில் யாது போதித்தார் என்றறிதற்கு வழியே இல்லையாம்.

சைவர் தரப்பிலும் இத்தகு பிழை இல்லாமலில்லை. மாணிக்கவாசகர் மலைநாடு சென்று தோமையார்வழிக் கிறித்தவரைச் சைவராக்கினார் என்றும், மணிக்கிராமத்தார் எனப்படுவோர் அவர் வழியினர் என்றும் ஒரு வழக்குண்டு. மலையாளக் கிறித்தவரே அதனைக் கூறிவந்தனர். ஆயின் மணிக்கிராமம் என்பது வணிகர் குழுவொன்றின் பெயர். கி. பி. 849 இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும், கடல்கடந்து சீயநாட்டுத் தகுவாபாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் அப்பெயர் காணப்படுகின்றது. ‘மணி’ என்னும் எழுத்திரண்டைப் பற்றிக்கொண்டு எழுந்த கதையைத் தமக்கு ஏற்றதெனச் சைவர் கைக்கொள்ளின், தெய்வநாயகத்தை மறுக்கும் உரிமையை இழப்பர்.

இந்நூலின் மணிமுடி, சிறையிலிருந்து தோமையார் பாடுவதாக அமைந்த முத்துப் பாடல். அது ஒரு சீரியப் பிரதியிலும் ஒரு கிரேக்கப் பிரதியிலும் மட்டுமே எஞ்சியது. கீழ்நாட்டு அரசகுமரன் ஒருவன், பாம்பு காக்கும் முத்தைக் கொணருமாறு எகிப்துக்கு அனுப்பப்படுகின்றான். ஆங்குள்ளார் உடையணிந்து அவர் உணவையுண்டு தன்னை மறந்து உறங்குகின்றான். தந்தை விடுத்த ஓலை கழுகுருவில் பறந்துவந்து பேச, விழித்து முத்தைக் கவர்ந்து மீள்கின்றான். சைவசித்தாந்தம் பயின்றார் இதனைப் படித்தவுடன், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனை மெய்கண்டார் எட்டாஞ் சூத்திரத்தில் உவமித்தமையை நினையாதிரார். ஆயின் அவ்வுவமை சங்கரர் பிரகதாரணியக உரையிலும் உண்டு. ஒப்புமை கண்டவழிக் கடன்கொண்டமை கூறின், யார் யாருக்குக் கடன்பட்டார் என்பதைக் கூறுவோர் தத்தம் சமயப்பற்றே முடிவுசெய்யும்.

வேற்றுமையே நோக்கத்தக்கது. சீரியக் குமரன் ஏவப்பட்டு ஒரு பொருளின் பொருட்டு வந்தவன். மறந்தபோதும் வந்த வினை அவனுக்குண்டு. மெய்கண்டார் குமரனுக்கு எடுத்துச்செல்லும் முத்தொன்றுமில்லை. தன்னையறிதலே அவன் பேறு. அவனுக்குத் தொலைவிலிருந்து ஓலை வாராது. உள்நின்ற முதலே குருவாய் எதிர்வந்து உணர்த்தும். ஆயினும் மீண்ட சீரியக் குமரன்முன் பண்டு களைந்த அரசவாடை தோன்ற, அதனைத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகக் கண்டு, இருவராயினும் உரு ஒன்றே என அவன் உணரும் இடம், அத்துவிதச் சொற்பொருளை ஆராய்வார் பன்முறை படித்தற்குரியது.

நடபடிகளின் இறுதியில் ஒரு சிறு நிகழ்ச்சியுண்டு. தோமையாரைக் கொல்வித்த அரசனின் மகனைப் பேய் பற்ற, அரசன் எலும்பொன்றை எடுக்கக் கருதிக் கல்லறையைத் திறக்கின்றான். எலும்புகளை அடியார் முன்னரே மேற்றிசைக்குக் கொண்டுசென்றனர். எலும்பு கிடைத்தவிடத்து மண்ணையே எடுத்து மகன்மேல் இட, நோய் நீங்குகின்றது. மேற்றிசை சென்ற எலும்புகள் எடெசாவிலிருந்து கியோசுத் தீவுக்கும், 1258 இல் இத்தாலியிலுள்ள ஒர்த்தோனாவுக்கும் மாறின என்பர். ஆயிரமாண்டு கழித்து மயிலைக் கரையில் மார்க்கோ போலோ கண்டதும் மண்ணே. தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் ஊருக்கு எடுத்துச் சென்று, காய்ச்சல் கண்டாருக்கு நீரிற் கலந்து கொடுப்பர் என்றும், கிறித்தவரேயன்றிச் சோனகரும் அவ்விடத்தை வழிபடுவர் என்றும் அவர் எழுதுகின்றார்.