அடிக்கல்லும் கூரையும்

இலவசக் கல்வி இந்நாட்டு மக்கள் பெற்ற பேறுகளுள் தலையாயது. இதனை மறுப்பார் எவருமிலர். ஆயின், கல்வி இலவசமாயிற்று என்பதனால் பாடசாலையும் எல்லார்க்கும் கிட்டிற்று என்று கொள்வது தவறு. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த ஆண்டு 1945. மலையகத் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்ததோ 1970களின் பிற்பகுதியில். இடைப்பட்ட மூன்று தசாப்தங்களுக்குக் கணக்குக் காட்டுவோர் யார்?

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணும் கடமையைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்தின் நிறையையே கண்ணாகக் கொண்ட நிர்வாகம், கொழுந்து பறிக்க வேண்டிய கை ஏடு தூக்குவதை எங்ஙனம் விரும்பும்? லயத்தை ஒட்டிய ஓர் அறையும், அதனுள் பல வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியருமாகக் கல்வி நடந்தேறியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன.

இதனை அதிகாரிகளின் மறதி என்று சொல்லிவிட முடியாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. 1952இல் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவரேனும் தெரிவாகவில்லை. பின்னர், 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தது. தொகுதி வேலைகளுக்கான பணத்தைப் பங்கிடுவதில் பாராளுமன்ற உறுப்பினர் முதன்மை பெற்றார். வாக்கில்லாதவனுக்கு உறுப்பினரில்லை, உறுப்பினரில்லாதவனுக்குக் கட்டிடமுமில்லை. வர்க்க நலனும் இனவாதமும் கைகோத்து நின்ற இடம் இதுவே.

1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவானார். மறு ஆண்டு அமைச்சருமானார். 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடங்களும் ஆசிரியர்களும் வரலாயினர். இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், உரிமையாகக் கிடைக்க வேண்டியது அந்நியர் கொடையாகவும் அமைச்சரின் தயவாகவும் வந்து சேர்ந்தது. தயவினால் வந்த கட்டிடத்தில் பெயர்ப்பலகை முதலிலும் மலசலகூடம் இறுதியிலும் அமைவது இயல்பே. இக்குற்றத்தை ஆளுங்கட்சிகளின் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கலாகாது. தொழிலாளரின் பெயரால் பேசும் சங்கங்களும் இதே வழக்கத்துக்குப் பழகிப்போயின.

13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், சிறு தொகையினவான தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், பெரும்பாலான கிராம, தோட்டப் பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழும் வந்தன. வருவாயிற் குன்றிய மாகாணம் மத்திய அரசின் மானியத்தையே எதிர்நோக்குகிறது. ஆட்சிகள் மாறத் திட்டங்களின் பெயர்களும் மாறுகின்றன: ‘மகிந்தோதய’ ஆய்வுகூடங்கள் என்றனர், 2016இல் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்றனர், 2021இல் ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்றனர். ஒன்றன் பயனை அளந்தறியுமுன் அடுத்ததற்கு அடிக்கல் நாட்டப்படுகிறது. உயர்தர விஞ்ஞான வகுப்பில்லாப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் எதற்கு என்கிறார்கள். ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு எப்படி என்றும் அவர்களே கேட்கிறார்கள். இச்சுழலுக்குள் அகப்பட்ட பிள்ளை பட்டினத்துப் பாடசாலைக்குப் பஸ் ஏறுகிறது. பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை படிப்பை நிறுத்துகிறது.

பணமில்லை என்பது அரசாங்கத்தின் பழைய மறுமொழி. பணம் குறைவு என்பது மெய்யே. ஆனால், குறைந்த பணம் எங்கே முதலிற் செல்ல வேண்டும் என்பதுதான் திட்டமிடல். ஒவ்வொரு வலயத்திலும் தேவையின் வரிசைப்படி பாடசாலைகளின் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். தோட்ட நிலத்திற் கட்டுமுன் அந்நிலம் பாடசாலைக்கு உரிமையாக்கப்பட வேண்டும். குடிநீர், மலசலகூடம், ஆசிரியர் விடுதி, ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவு ஆகியன மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். பட்டியலைக் கேட்டுப் பெறுவதும், வரிசை பிறழும்போது தட்டிக் கேட்பதும் ஆசிரியர் சங்கங்களின் கடமை, மாணவரின் கடமையுங்கூட. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழே இருப்பவர்கள் அவர்களே அல்லவா?