செம்மீனும் கரையின் நீதியும்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்து, அடுத்த ஆண்டே சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு 1962இல் வெளியானதன் பின்னர் தமிழ் வாசகருக்கும் அது சொந்தமாயிற்று. மீனவப் பெண் கருத்தம்மாவுக்கும் முஸ்லிம் மீன் வியாபாரி பரீக்குட்டிக்கும் இடையே மலர்ந்து கருகிய காதலின் கதையாகவே அதனைப் பலரும் போற்றி வருகின்றனர். போற்றுதலில் தவறில்லை. ஆயினும் அக்காதலைக் கருகச் செய்தது எது என்று வினவாது விடுவோமாயின், நாவலின் பாதியையே படித்தவர்களாவோம்.

கடலுக்குச் சென்ற கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே தங்கியுள்ளது. அவள் நெறி தவறினால் கடலம்மா அவனை விழுங்கிவிடுவாள். நாவலின் அச்சாக அமைந்த நம்பிக்கை இது. சுழிக்கும் புயலுக்கும் பெண்ணே பொறுப்பாளி! தாய் சக்கி இதனையே மகளுக்கு உபதேசிக்கின்றாள்.

அதே கரையில் வேறொரு விவகாரமும் நிகழ்கின்றது. கருத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சு, தோணியும் வலையும் வாங்குவதற்காகப் பரீக்குட்டியிடம் பணமும் கருவாடும் பெறுகின்றான். தோணி வந்தபின் கடனை மறக்கின்றான். வியாபாரி முதலிழந்து நொடிந்து போகின்றான். கடனைத் தீர்க்கும்படி மன்றாடுவோர் சக்கியும் கருத்தம்மாவுமே. சாதி வழக்கப்படி தோணி வைத்திருக்கும் உரிமை செம்பன்குஞ்சுவுக்கு இல்லையென எழுந்த முணுமுணுப்பும், அவன் கையிற் பணம் சேர்ந்ததும் அடங்கிவிடுகின்றது. பணத்துக்கு வளையும் வழக்கம் பெண்ணுக்கு வளைவதில்லை. கடனைத் திருப்பிக் கொடாதவனைக் கடலம்மா விழுங்குவாள் என்றொரு நம்பிக்கை அக்கரையில் இல்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

‘தோட்டியின் மகன்’ (1947), ‘இரண்டிடங்கழி’ (1948) ஆகிய நாவல்களில் உழைப்பாளரின் போராட்டத்தைச் சித்திரித்த தகழி, இங்கு காதலிடம் அடைக்கலம் புகுந்துவிட்டார் எனக் குறை கூறியோர் உளர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. காதலும் சமுதாய உறவே. அதனை எழுதுவது பின்வாங்கலாகாது. நாவலின் குறை அதன் முடிவிலேயே உள்ளது. கருத்தம்மாவை மணந்த பழனி, நள்ளிரவில் சுறாவைத் துரத்திச் சென்று கடற்சுழியில் மாள்கின்றான். அதே இரவில் அவள் கரையில் பரீக்குட்டியைச் சந்திக்கின்றாள். இவ்விரண்டையும் ஒரே இரவில் இணைத்ததன் மூலம், மூடநம்பிக்கைக்கு ஆசிரியர் தாமே சான்று வழங்கிவிடுகின்றார். மீனவர் அவ்வாறு நம்பினர் என்பது உண்மையாயிருக்கலாம். பாத்திரங்கள் நம்புவது வேறு. அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கும் வண்ணம் கதையை நடத்துவது வேறு.

ஆனால் பழனி ஏன் தனியே சென்றான்? மனைவியைப் பற்றி எழுந்த அவதூறினால், அவனோடு ஒரே தோணியிற் செல்லச் சக மீனவர் மறுத்தனர். துணையின்றி இருளில் ஆழ்கடலை எதிர்கொள்ள நேர்ந்ததற்கு அவ்விலக்கலே காரணம். அவனைக் கொன்றது கடலன்று, கரையே. இச்சான்றினையும் நாவலே நமக்கு அளிக்கின்றது. பால்சாக்கின் யதார்த்தம் அவரது சொந்த அரசியற் சார்புகளையும் மீறி வெளிப்பட்டதென 1888இல் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டினார். தகழியிடமும் அத்தகைய வெற்றியையே காண்கின்றோம்: ஐதீகம் தீர்ப்பு வழங்குகின்றது, யதார்த்தமோ அத்தீர்ப்பை மறுக்கின்றது.

வகுப்பறையில் இந்நாவலைப் பயிற்றும் ஆசிரியர், காதலரின் மரணத்தில் மாணவரைக் கண்ணீர் சிந்த வைப்பதோடு அமைதல் போதாது. பழனியைத் தனியே அனுப்பியவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். நாவலின் இறுதியில், கருத்தம்மாவின் பெண்குழந்தையை ஏந்தித் தங்கை பஞ்சமி கரையில் நின்றழுகின்றாள். சக்கி தன் மகளுக்கு ஓதிய உபதேசத்தையே அக்குழந்தையும் கேட்டு வளர வேண்டுமா? நாவல் விடை கூறாது விட்ட இவ்வினாவுக்கு விடையளிக்கும் கடமை வாசகராகிய எம்மைச் சார்ந்தது.